ஒரே பிரவுசர் போதும்

நாலாவது தடவையும் 'சமர்ப்பி' பட்டன் அசையவில்லை.

லின்சி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா பிலோமின்ராஜ் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். உட்காருங்க என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். வேட்டியெல்லாம் தூசி, நாற்காலி அழுக்காகிவிடும் என்று மறுத்துவிட்டார்.

மருங்காபுரிப் பக்கம் குவாரியில் கல் உடைக்கிறவர். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்.

லின்சி எங்கள் பள்ளி விடுதியில் தங்கி பிளஸ் டூ முடித்தவள். ஸ்ரீரங்கத்தில் கல்லூரி இடம் கிடைத்துவிட்டது. அங்கே இலவச விடுதியும் கிடைத்தால்தான் படிப்பு. தினமும் ஊரிலிருந்து வந்து போக முடியாது. விடுதிக்கு மனு போட மறுநாள் மதியம்வரைதான் நேரம்.

எங்கே கோளாறு என்று எனக்கு இரண்டாவது தடவையே தெரிந்துவிட்டது.

எங்கள் பள்ளி லேபில் இருபது கம்ப்யூட்டர். இருபதிலும் ஒரே பிரவுசர். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறவன் நான்தான். ஒன்று போதும், இரண்டு இருந்தால் பிள்ளைகள் அலைபாய்வார்கள் என்று தலைமையாசிரியை சிஸ்டரிடம் சொல்லி, இன்னொன்றை எல்லா மிஷினிலிருந்தும் நீக்கினேன். கம்ப்யூட்டர் வாத்தியார் சொன்னால் சரி என்று அவரும் விட்டுவிட்டார்.

இந்த மனுப் பக்கம் அந்த இன்னொன்றில்தான் ஒழுங்காக ஓடும். மறுபடி இறக்க ஐந்து நிமிஷம். பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது.

செய்யவில்லை.

லின்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னால் அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

"வருமானச் சான்றிதழ்லதான் ஏதோ பிரச்சனைங்க. பழசு போல. புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க" என்றேன்.

சான்றிதழில் ஒரு குறையும் இல்லை. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பிலோமின்ராஜ் அந்தத் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளைத் தூள்.

"என் தப்புதான் ஆசாத் சார். முன்னாடியே விசாரிச்சிருக்கணும். உங்க நேரமும் வீணாப்போச்சு."

என் அத்தா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவர். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் எதைச் சொன்னாலும், தப்பு தன்மேல்தான் என்று தலையாட்டிவிட்டு வருவார். இப்படிப்பட்ட ஆளிடம் எதைச் சொன்னால் நம்புவார் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஒரே நாளில் தாசில்தார் கையெழுத்து கிடைக்காது. அவருக்கும் அது தெரியும். யார் காலிலாவது விழுந்து வாங்கிவிடுகிறேன் சார் என்றார்.

லின்சி எழுந்தாள். மனு எண்ணையும் பாஸ்வேர்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி என் மேஜைமேல் வைத்தாள். நான் கேட்கவில்லை.

அவர்கள் போனபிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த மிஷினில் இன்னொரு பிரவுசரை இறக்கினேன். அவள் எழுதிக்கொடுத்த எண்ணைப் போட்டேன். அதே மனு, அதே வருமானச் சான்றிதழ். பட்டனை ஒரு தடவை அழுத்தினேன்.

ஏற்கப்பட்டது என்று வந்தது.

பிலோமின்ராஜுக்குப் போன் போட்டேன். பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டில், ஊருக்குப் போகிற துவரங்குறிச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரியில் எனக்குத் தெரிந்தவரிடம் பேசினேன், இருக்கிற சான்றிதழே போதும் என்று ஒப்புக்கொண்டார்கள், மனு போய்விட்டது, அலைய வேண்டாம் என்றேன். இந்தப் பொய்யை நான் யோசிக்கக்கூட இல்லை. வாயில் தயாராக இருந்தது.

பெத்தவன் நான் செய்யாததை நீங்க செஞ்சிட்டீங்க, உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டோம் என்றார். பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொல்வது கேட்டது. பாப்பாவும் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று போனைக் கொடுத்தார்.

லின்சி நன்றி சொல்லவில்லை.

"எதுல போச்சு சார்?" என்றாள்.

போன வருஷம் ஜூலையில், முப்பத்தாறு பிள்ளைகள் முன்னால், ஒரு பக்கத்தைத் திறக்க முடியாமல் நான் அரை மணி நேரமாக முழித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்னுல போட்டா தொறக்கும் சார் என்று எழுந்து வந்தவள் இவள்தான். போட்டாள். திறந்தது. பின் வரிசையில் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம்தான் இருபது மிஷினிலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அதை நீக்கினேன். மறுநாள் லேபுக்கு வந்தவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வருஷம் முடியும்வரை என் வகுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை.

"அதான் அப்பாகிட்ட சொன்னேனேம்மா" என்றேன்.

போனில் பஸ் கிளம்புகிற சத்தம். நிறுத்துங்க நிறுத்துங்க, எறங்கணும், சாரை நேர்ல பார்த்துக் கும்பிட்டுட்டு வரணும் என்று பிலோமின்ராஜ் கண்டக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலுக்குள் லின்சி குரலைத் தாழ்த்தினாள்.

"சரிங்க சார். அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

போனை வைத்தேன். மூன்று மணிக்கு ஒன்பதாம் வகுப்பு லேபுக்கு வரும். அதற்குள் அந்த மிஷினிலிருந்து இன்னொரு பிரவுசரை மறுபடி நீக்கினேன்.