பிளகின் இல்லை

"இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு. என்னங்க பண்றீங்க?"

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே! இன்னைக்குன்னு பார்த்து என்ன கேடு?"

கணவர் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஏதோ கட்டளைகளைத் தட்டினார். பிரவுசரைத் திறந்தால் மறுபடியும் அதே வரி: 'வீடியோவுக்கான பிளகின் இல்லை.' அந்தத் துணை மென்பொருள் இல்லாமல் படம் ஓடாது.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு வெளிநாட்டில் மகளுக்கு டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ஐந்து வருட உழைப்பு. நான்கு பேராசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து குடைவார்கள். அதை இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்கள். அந்தப் பக்கமோ போனில் திறக்கவே மாட்டேன் என்கிறது.

"ஊர்ல எல்லாரும் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கிறதையே போட்டுக்கிட்டா என்ன? லினக்ஸாம், சுதந்திரமாம்! பெத்த பொண்ணைப் பார்க்க எனக்குச் சுதந்திரம் இல்லை."

அவரோ சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள்.

போட்டது போட்டபடி ஓடி வந்தான் அவன்.

"எழுந்திருங்க அத்தான், நான் பார்க்கிறேன்."

"வேண்டாம்ப்பா, நானே…"

"எழுந்திருங்கன்னு சொல்றான்ல!" என்று அவள் அதட்டியதும், எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

அதுவரை தட்டிய கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போன தம்பி, சட்டென்று நிறுத்தினான்.

"அக்கா, எதுவும் கெட்டுப்போகல. காலையில பத்து மணிக்கு அத்தானே பிளகினை அழிச்சிருக்காரு."

"நீங்களா?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அவ நல்ல நாளைக்கூட நான் பார்த்துடக் கூடாதுன்னு அப்படி என்னங்க வன்மம்?"



"விடுக்கா, ரெண்டே நிமிஷம். திரும்பப் போட்டுடறேன்."

மேஜை மேலிருந்த கணவரின் போன் சிணுங்கியது. மகளிடமிருந்து செய்தி. அவர் பாய்ந்து வருவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

'அப்பா, உள்ளே போகப் போறேன். அம்மாவால பார்க்க முடியாதுதானே? அவங்க பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சாலே எனக்குப் பதில் குழறிடும். ஸ்கூல் பேச்சுப் போட்டியில முன்வரிசையில உட்கார்ந்து அவங்க நெற்றியைச் சுருக்கினதும் எல்லாம் மறந்து நிப்பேனே, அதே மாதிரி ஆயிடும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க.'

அவள் இரண்டாம் முறை படித்தாள்.

"வந்துடுச்சுக்கா! அதோ பாரு, உன் பொண்ணு!"

அவள் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் கணவரிடம் நீட்டினாள்.

"கம்ப்யூட்டர் இன்னும் சரியாகலைன்னு அவளுக்குப் பதில் போடுங்க. சீக்கிரம்."