முழிப்பான ஆளு

"ஏலே கருத்தையா! கங்காணி வேலைக்கு வச்சா உக்காந்து தூங்குதியா?"

பிச்சை முகம்மது ராவுத்தருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ராஜபாளையத்தில் மூட்டை அடுக்கி வைத்திருந்த தம் பருத்திக் கிட்டங்கிக்குள் நாளுக்கு இருபது நடையாவது நடப்பார். ஒவ்வொரு நடைக்கும் அவர் பார்ப்பது கருத்தையாவின் மூடின கண்ணைத்தான். பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் பத்திக்கொண்டு வரும்.

"தூங்கல முதலாளி. பொறந்ததுலேர்ந்தே இமை தொங்கல். ஆனா எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்னத்தப் பாத்தே?"

"காலையில வந்த வண்டியில மூணாவது மூட்டை ஈரம். எடை கூட்டத் தண்ணி தெளிச்சிருக்கான். எறக்காதன்னுட்டேன்."

ராவுத்தர் போய்க் கையை விட்டுப் பார்த்தார். ஈரந்தான்! அப்பவாவது மனுஷன் சும்மா இருக்கலாமில்லையா?

"பாக்கிறவன் என்னலே நெனப்பான்? தூங்குமூஞ்சியக் கங்காணியா வச்சிருக்கான்னு என்னையில்ல சிரிப்பான்! அடுத்த மாசம் பருத்தி வாங்குற கம்பெனி ஏஜெண்டு வாரார். அதுக்குள்ள டாக்டர்கிட்ட காட்டிக் கண்ணத் தொற, இல்ல வேலைய விட்டுரு."

"நல்லாத்தான தெரியுது, எதுக்கு முதலாளி கண்ணுல கத்தி வைக்கணும்?"

"நீ பாக்கிறது எனக்குத் தெரியணுமில்ல?"

வேலை போனால் வீட்டில் நாலு வயிறு காயும். கருத்தையா ராவுத்தரோடு வண்டியில் ஏறினான்.

விக்டோரியா மகாராணி காலமான வருஷம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடாரம் போட்டிருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர், இமைத் தோலை நறுக்கித் தைத்துவிட்டார். பத்தாம் நாள் கட்டை அவிழ்த்தால், அடேயப்பா! ரெண்டு கண்ணும் அகலத் திறந்து கிடந்தன.

டாக்டரின் கம்பவுண்டர் நேசையன் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ராவுத்தரே, ஒரு விசயம்! தோலை அதிகமா எடுத்ததுல, இவருக்கு இனிமே..."

"கண்ணு தொறந்திருக்குல்ல? அம்புட்டுத்தான் வேணும். ஓட்டுலே வண்டிய!"

ஏஜெண்டு வந்தது ஒரு மத்தியான வேளை. களத்தில் பெண்கள் பருத்தியில் தூசி பொறுக்கிக் கொண்டிருந்தார்கள். கருத்தையா மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் ரெண்டும் நேரே பெண்களைப் பார்த்தபடி.

வாசலில் நின்றே ராவுத்தர் பெருமையாகக் கையைக் காட்டினார்.

"இவன்தான் நம்ம கங்காணி. எம்புட்டு முழிப்புன்னு பாருங்க! கண்ணு இமைக்க மாட்டான்."

ஏஜெண்டு தலையாட்டினார். ராவுத்தருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"ஏலே கருத்தையா, பெருநாளைக்கு ஒனக்குப் புது வேட்டி துண்டுலே!"

கருத்தையா அசையவில்லை. பதிலும் இல்லை.

"பாத்தியளா? வேலைன்னு உக்காந்துட்டா பேச்சே கெடையாது!"

இருவரும் உள்ளே போனார்கள். பருத்தி பொறுக்கிய சின்னப்பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பக்கத்திலிருந்த மாரியாத்தாள் அவள் தொடையில் கிள்ளினாள்.

"ஏட்டி, சத்தம் போடாத! ஈர மூட்டை வந்தா நாம பாத்துக்கிடுவோம். கண்ண மூட முடியாம ராவெல்லாம் எரிச்சல்ல துடிச்ச மனுசன், இப்பத்தான் செத்த நேரம் தூங்குதாவ!"