உயிரற்றவை பட்டியல்

வாயிலிருந்த குழாயை எடுத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் இயக்குநர் கையை அசைத்துப் பேனா கேட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்ற தொட்டிக்காரர் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார். இயக்குநர் நடத்தும் கடல் அருங்காட்சியகத்தில் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். இருபது வருஷத்தில் வேறு பெயர் வாய்க்கவில்லை.

எல்லாம் ஒரு கூம்பு நத்தையால் வந்த வினை.

எட்டு மாதத்துக்கு முன் பெட்டி நிறையச் சிப்பியும் சங்கும் வந்து இறங்கின. இயக்குநர் பெட்டியைத் திறக்காமலே எல்லாவற்றையும் 'உயிரற்றவை' பட்டியலில் 'ஓடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு திறந்தால், அதில் ஒரு ஓடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

தொட்டிக்காரர் அதை உப்புத் தண்ணீரில் விட்டார். 'இது உயிருள்ளது. கொடிய விஷம். வாரம் ஒரு மீன் போடுகிறேன். பட்டியலை மாற்றவும்' என்று நான்கு முறை எழுதிக் கொடுத்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை. பட்டியல் மாறாவிட்டால் வருஷக் கடைசியில் அதைத் துடைத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிடுவார்கள். அந்தக் கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் விருந்தினர்கள் வந்தார்கள். இயக்குநர் அதைத் தண்ணீரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து, வெறும் ஓடுதான் என்று விளக்கினார். நத்தை கொட்டியது கொசு கடித்த மாதிரிதான் இருந்ததாம். அரை மணியில் நாக்குக் குழறி மூச்சு நின்றது. ஆம்புலன்ஸ் வரும்வரை வாயோடு வாய் வைத்து ஊதியவர் தொட்டிக்காரர்.

இப்போது இயக்குநரின் மனைவி தொட்டிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களாலதாண்ணே இவர் உசுரோட இருக்கார். என்ன வேணும்னாலும் கேளுங்க."

வேண்டியது ஒரு கையெழுத்துதான். நத்தையை உயிருள்ளவை பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும். இனி அதைக் கேட்கவும் வேண்டாம், பட்டவருக்குத் தெரியாதா?

வலது கை இன்னும் மரத்துக் கிடந்தது. இயக்குநர் இடது கையால், நெற்றி வியர்க்க, நாலு வரி எழுதினார். மறக்காமல் தேதியும் போட்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தொட்டிக்காரர் தாளை வாங்கிப் படித்தார்.

'நான்கு கடிதங்களிலும் நீரே ஒப்புக்கொண்டபடி, உயிரற்ற பொருள் ஒன்றுக்கு அனுமதியின்றி எட்டு மாதம் மீன் போட்டது ஏன்? மூன்று நாளில் விளக்கம் தரவும்.'

"என்னண்ணே எழுதியிருக்கார்?"

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இனி பயமில்லம்மா. ஐயா பழையபடி ஆயிட்டார்."