முன்னால் போகும் முளைப்பாரி

“குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம். நீ போய்க் குளிச்சிட்டு வாட்டி. உன் முளைப்பாரிக்கும் நானே தண்ணி தெளிக்கேன்” என்று தினமும் ஓரகத்தி இசக்கிச்செல்வியை அனுப்பிவைத்தாள் சங்கரேஸ்வரி.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் உயரமாக வளர்ந்த முளைப்பாரிதான் ஊர்வலத்துக்கு முன்னால் போகும். போன வருசம் சங்கரேஸ்வரியுடையது போனது. செல்வி போட்ட சோளம் முளைக்காமலே அழுகிவிட்டது.

செல்வி தெருமுனை தாண்டியதும், முளைப்பாரிப் பானைகள் இருந்த, வெளிச்சம் படக் கூடாத இருட்டறைக்குள் நுழைந்து, செல்வியின் பானை விளிம்பைத் தடவித் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றினாள் சங்கரேஸ்வரி. மூச்சுவிட வழியில்லாமல் விதை சாகப்போவதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கொடையன்று பானைகளை வெளியே எடுத்தார்கள். செல்வியின் பயிர் ஒரு சாண் உயரம் நின்றது. சங்கரேஸ்வரியுடையது அதில் பாதிதான்.

“முங்க முங்க ஊத்தியும் எப்படிட்டி வளந்துது?” கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

“சோளம்னா மூச்சு முட்டிச் செத்துரும்க்கா. நெல்லு வேரைக்கூட அப்புறம் பாத்துக்கலாம்னு, மூச்சு வாங்கத் தண்ணிக்கு மேல முதல்ல கழுத்தைத்தான் நீட்டும். அதான் இந்த வருசம் நெல்லு போட்டேன்.”

“அப்போ… உனக்குத் தெரியுமாட்டி?”

“போன வருசம் அழுகுன பானையைக் கவுத்தேன், ஒரு குடம் தண்ணில்லா கொட்டிச்சு! அடுத்த கொடைக்கும் நீங்களே ஊத்துங்கக்கா. நான் நிம்மதியா அருவியில குளிச்சிட்டு வாரேன்.”