கழுவிய போத்தல்

கிருஷாந்தினிக்கு நடந்தது பச்சை அநியாயம். பிள்ளைக்கென்று அவள் பீய்ச்சி வைத்த பாலை, கடை கூட்டும் ஜஸ்லா சிங்கில் ஊற்றிவிட்டாள். கை தவறி அல்ல. வேண்டுமென்றே.

"ஆமா, நான்தான் ஊத்தினேன்" என்று கழுவிய போத்தலை நீட்டினாள்.

கிருஷாந்தினி போத்தலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். நாளைப் பகல் முழுக்கப் பிள்ளைக்கு அதுதான். ஸ்டோர் ரூமில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "இன்னும் முடியலயா? கஸ்டமர் நிக்குது!" என்று கதவு தட்டப்படத் தட்டப்பட, சொட்டுச் சொட்டாய் எடுத்த பால். வேலைக்குத் திரும்பியதிலிருந்து சுரப்பும் குறைந்துகொண்டே வருகிறது.

வீட்டில் மாமியார் பாப்பம்மா பால்மா பெட்டியோடு காத்திருக்கிறார்.

"ஒன் பாலு புள்ளைக்கு ஒத்துக்கல்ல. வயித்தால போறது நிக்குதா பாரு. நிப்பாட்டிரு."

போன கிழமைதான் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித் தூக்கி வந்த பிள்ளை. தன் சாப்பாட்டால்தானோ என்று தாய் மாங்காயை விட்டாள், பருப்பை விட்டாள், அரை வயிற்றோடு இரத்தோட்டை பஸ்ஸில் வந்து போனாள். பால் கொடுப்பதை மட்டும் விடவில்லை.

"ஏன் ஜஸ்லாக்கா? நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

ஜஸ்லா தலை நிமிரவில்லை.

"அவ என்னத்தச் சொல்லுவா?" கேஷில் இருந்த சுதர்சினி முந்திக்கொண்டாள். "கலியாணம் முடிச்சி இத்தன வருசமாகியும் மடியில ஒண்ணு இல்ல. அடுத்தவ புள்ள குடிச்சா எரியாதா?"

ஜஸ்லாவின் முகம் செத்துப்போனது.

அந்த நேரம் பார்த்து மனேஜர் விஜேந்திரன் வந்து நின்றார். காலையில் போத்தலை வாங்கி வைத்துவிட்டு யட்டவத்தைக்குக் கலியாணத்துக்குப் போனவர், இப்போதுதான் திரும்புகிறார். விஷயத்தைக் கேட்டதும் கொதித்தார்.

கொதிக்க மாட்டாரா பின்னே? பால் வைக்கத் தன் அறை பிரிட்ஜையே கொடுத்தவர். தாய்ப்பால் வாரத்தில் கிருஷாந்தினியை அந்தப் பிரிட்ஜோடு நிறுத்திப் படமெடுத்து, 'தாய்மையைப் போற்றும் எங்கள் கடை' என்று பேஸ்புக்கில் போட்டவர். பிரிட்ஜில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. போத்தலை அவரே வாங்கி வைப்பார். பின்னேரம் ஜில்லென்று அவரே எடுத்துக் கொடுப்பார்.

"என் பிரிட்ஜ ஒன்ன யாரு தொறக்கச் சொன்னது?"

"ரூமக் கூட்டப் போனேன் சேர்."

"ஒரு தாயோட பாலைக் கொட்ட மனசு வந்திச்சே! இப்படி ஒருத்தி என் கடைக்கு வேணாம். நாளையிலருந்து வராத."

ஜஸ்லா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"அப்ப வேல போயிருச்சுதானே சேர்?"

"போயிருச்சு!"

"அப்ப இனி எனக்கென்ன பயம்?"

கிருஷாந்தினியின் கையைப் பிடித்து மனேஜர் அறைக்குள் இழுத்துப் போனாள். "ஏய், ஏய்!" என்று அவர் பின்னால் ஓடி வருவதற்குள் பிரிட்ஜைத் திறந்து, அந்தக் கையை உள்ளே வைத்தாள்.

கிருஷாந்தினி விரல்களை அசைத்துப் பார்த்தாள். உள்ளேயும் வெளியைப் போலவே புழுக்கமாக இருந்தது.

"குளிருதா தங்கச்சி? குளிராது. கூட்ட வாறப்பெல்லாம் இந்த ப்ளக் கீழதான் கெடக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து சேர் கழட்டி வைப்பாரு, நாம போறதுக்குக் கொஞ்சம் முந்தி மாட்டுவாரு. பால வேற எங்கயோ வைக்கிறாராக்கும்னு நானும் சும்மா இருந்துட்டேன். இன்னைக்கு அவரு வரச் சொணங்கிட்டாரு. தொடைக்கத் தொறந்தேன், ஒங்க போத்தல்ல புளிச்ச வாட. ஒங்க புள்ளைக்கு ஒத்துக்காம போனது ஒங்க பாலில்ல."