பின்னால் வெறும் சுவர்

“சுவர் மட்டும்தான் தெரியணும்” என்று வக்கீலம்மா காலையிலிருந்து போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சுவர் மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடியை எடுத்தாயிற்று. ஆணியில் தொங்கிய அளவு ஜாக்கெட்டுகளை எடுத்தாயிற்று. காலண்டரையும் எடுத்தாயிற்று.

போன வீடியோ விசாரணையில் அந்தக் காலண்டர் என் தலைக்கு மேலேயே தொங்கியது. பக்கத்து நூல்கடைக்காரர் கொடுத்தது. தெருப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அன்று பாதியில் என் வீட்டுக்காரருக்கு நெட் போய்விட்டதென்று வழக்கைத் தள்ளிவைத்தார்கள். பிறகுதான் வக்கீலம்மா காலண்டரைக் கவனித்து எங்களை வறுத்தெடுத்தார்.

“இத்துனூண்டு கட்டத்துல அவன் எதைப் பாத்திருக்கப் போறான்” என்றாள் டெய்லரக்கா.

ஊரடங்கு வந்ததும் எல்லாரும் வீட்டுக்குள் ஓடினார்கள். நான் கட்டிய சேலையோடு வீட்டைவிட்டு ஓடிவந்தேன். முன்பு ஜாக்கெட்டுகளுக்குக் காஜா தைத்துக் கொடுத்த பழக்கத்தில் டெய்லரக்காதான் கடை மாடியில் இடம் கொடுத்தாள். என் வீட்டுக்காரரை அவள் பார்த்ததுகூட இல்லை. நான் இங்கே இருப்பது அவளுக்கும் வக்கீலம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

நூல் டப்பாவில் சாய்த்து வைத்த போனில் நான்கு கட்டங்கள். நீதிபதி, வக்கீலம்மா, நான், அவர்.

அடித்தவரையும் ‘அவர்’ என்றுதான் வாயில் வருகிறது. பழக்கதோஷம்.

அவருக்குப் பின்னாலும் சுவர்தான். தாடையில் மாஸ்க் தொங்கியது. வீட்டுக்குள் மாஸ்க் என்ன வேண்டிக் கிடக்கிறது? கோர்ட்டுக்கு நல்ல பிள்ளை வேஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீதிபதி கேட்டாலொழிய யாருடைய மைக்கும் திறக்காது. அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். அவர் இத்தனை சாதுவாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

நீதிபதி பாதுகாப்பு உத்தரவைப் படித்தார். எதிர்மனுதாரர் மனுதாரர் இருக்கும் இடத்தை நெருங்கக் கூடாது, பேசக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது.

கேமராவுக்கு வெளியே நின்ற அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, கடையைத் திறக்கக் கீழே இறங்கினாள். எனக்கும் பல நாள் கழித்து மூச்சு சீராக வந்தது.

“உத்தரவு புரிஞ்சுதா?” என்று நீதிபதி அவரைக் கேட்டார்.

எங்கள் தெருவுக்குள் கொரோனா அறிவிப்பு வண்டி நுழைந்திருந்தது. அதில் வருகிறவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் படிக்கிற ஆளில்லை. போகிற வருகிறவரையெல்லாம் மைக்கிலேயே திட்டுவார்.

“மாடியில துணி காயப்போடுற அம்மா, மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க” என்றது ஜன்னலுக்கு வெளியே குரல்.

போனில் அவருடைய மைக் திறந்தது.

“புரிஞ்சுதுங்க ஐயா. நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.”

அவர் குரலுக்குப் பின்னால் அதே கரகரப்பான குரல், அவர் கட்டத்திலிருந்து. “உங்களைத்தாம்மா, பச்சைச் சேலை.”

பச்சைச் சேலை எங்கள் எதிர்மாடியில்தான் நின்றாள்.

“ரொம்ப இரைச்சலா இருக்கு, அவர் மைக்கை மூடுங்க” என்றார் நீதிபதி. மூடிவிட்டார்கள்.

நான் என் மைக்கை அழுத்தினேன். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். கையை ஆட்டினேன். வக்கீலம்மா அதைச் சந்தோஷக் கையசைப்பு என்று எடுத்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். திரை அணைந்தது.

அக்கா என்று கத்தினேன்.

கீழே ஷட்டர் கடகடவென்று ஏறியது.

“மாஸ்க் வேணுமா தம்பி?” என்றாள் அக்கா. “வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க.”