ஆணியில் மாட்டிய சாவிக்கொத்து

குழந்தையோடு வீட்டில் இருக்க வேண்டிய ஆயா கங்கம்மா, பகல் மூன்று மணிக்கு மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் நின்று முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயிலை விட்டு இறங்கி வந்த தபீதாள் நேரே அவளிடம் போனாள்.

பிள்ளை எங்கே என்று கேட்டாள். கேட்ட வேகத்தில் காய்க்காரியே நிமிர்ந்து பார்த்தாள்.

கங்கம்மா அசரவில்லை.

"இன்னாம்மா கேக்குற? நீதான பன்னெண்டு மணிக்கு வந்து புள்ளய வாங்கிக்கினு என்ன அனுப்பிட்ட. ஆறு மணிக்கு வந்தா போதும்னு சொன்னியே. பத்து நாளா அப்டித்தான நடந்துகினு கீது?"

பன்னிரண்டு மணிக்குத் தபீதாள் பாரிமுனை ஆபீஸில் உட்கார்ந்து, மானேஜர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தாள். பத்து நாளும் அங்கேதான் இருந்தாள். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரே அதற்குச் சாட்சி.

கடப்பேரியில் இருக்கும் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டாள்.

பத்து நாள் என்றதும்தான் அவளுக்கு உறைத்தது. ரத்தினபாய் சொன்ன யோசனையைச் செய்ய ஆரம்பித்து இன்றோடு பத்து நாள்.

ரத்தினபாய் பக்கத்து சீட் டைப்பிஸ்ட். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவள். தபீதாள் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அடுத்த மாதம் நிரந்தரமாக்குவார்களா, போய் வா என்பார்களா என்பது மானேஜர் கையில் இருந்தது. இந்த லட்சணத்தில், ஒரு டெண்டர் கடிதத்தில் இரும்புக் குழாய் என்று அடிக்க வேண்டிய இடத்தில் கிரைப் வாட்டர் என்று அடித்துவைத்தாள்.

உடம்பு ஆபீஸில், மனசு கடப்பேரியில். அவள்தான் என்ன செய்வாள், பாவம்! கணவன் தனசிங்குக்கு விழுப்புரத்தில் வேலை. சனிக்கிழமைதான் வருவான். இரண்டு வயது ஜெபராஜைக் கங்கம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் தினமும் ரயிலேற வேண்டும்.

ரத்தினபாயின் யோசனை கேட்கச் சுலபமாக இருந்தது. காலையில் கிளம்பும்போது இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட வேண்டும். நீ இங்கேயே இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று தனக்குள் இருக்கும் வீட்டுக்காரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சாயங்காலம் டைப்ரைட்டருக்கு உறை போட்டதும் ஆபீஸ்காரியிடமும் அதேபோலச் சொல்லி, அவளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். இரண்டையும் செய்தால்தான் ஆகும், பாதியோடு நிற்காதே என்றும் ரத்தினபாய் சொல்லியிருந்தாள்.

முதல் பாதியைத் தபீதாள் ஒரு நாள் தவறாமல் செய்தாள். சாவியை மாட்டி, சொல்லிவிட்டுப் படியிறங்கினால் மனசு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பிழை வரவில்லை. சிரிக்கத் தெரியாத மானேஜரே 'குட்' என்றார்.

இரண்டாம் பாதிதான் அவளால் முடியவில்லை. நிரந்தரமாகும் ஆசை யாரை விட்டது? ஷார்ட்ஹேண்ட் நோட்டை வீட்டுக்கும் தூக்கிவந்து, இரவல் மெஷினில் தட்டிக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்து ஆணியிலேயே கிடந்தது.

அதற்குள் பிள்ளை மாறிப்போனான். கை நீட்டினால் வரமாட்டான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல அவளைப் பார்ப்பான். அம்மா என்று அவன் கூப்பிட்டே பத்து நாளாயிற்று. இன்று காலையில் முத்தம் கொடுக்கப் போனவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, கங்கம்மாவின் சேலைக்குள் ஒளிந்தான்.

பெற்றவள் மனசு உடைய அதைவிட என்ன வேண்டும்? ஆபீஸில் விரல் ஓடவில்லை. ஒரு கடிதத்தில் கம்பெனியின் பெயருக்குப் பதிலாக ஜெபராஜ் என்று அடித்தாள். தலைவலி என்று பொய் சொல்லி, பர்மிஷன் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். இன்றைக்காவது பகல் வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டும், அவன் வாயால் ஒரு தடவை அம்மா என்று கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

தட்டப்போன கை அப்படியே நின்றது.

உள்ளே சாவிக்கொத்து கலகலத்தது. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தது. கூடத்திலிருந்து மறுபடி அடுப்படிக்குப் போனது. யாரோ அதை இடுப்பில் செருகிக்கொண்டு சாவகாசமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

ஜெபராஜ் கெக்கெக்கே என்று சிரித்தான். பிறகு அம்மா என்று கூப்பிட்டான்.

எத்தனை நாளாக ஏங்கிய சொல்! தபீதாளுக்கு இரண்டு கையாலும் கதவை இடிக்கலாம் என்றால் ஒரு கை ஒழியவில்லை. அது எதையோ மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தது.

குனிந்து பார்த்தாள். ஷார்ட்ஹேண்ட் நோட்டு.

பெற்ற பிள்ளையைப் பார்க்க அரக்கப்பரக்க ஓடிவந்தபோதும் அதை மறக்காமல் எடுத்துவந்திருக்கிறாள்.

கதவைத் தட்டினாள்.

சாவிச் சத்தம் நின்றது. யாரென்று பிள்ளை மழலையில் கேட்டான்.

பதில் சொன்னது தபீதாளின் குரல்தான். அவசரம் மட்டும் அதில் இல்லை.

"ஆபீஸ்காரங்க வந்திருக்காங்க ராஜா. கொஞ்ச நேரம் தட்டிட்டுப் போயிடுவாங்க."